பில்லோ: பைத்தான் படநூலகத்தின் வரலாறு

பில்லோ என்பது பைத்தான் மொழியில் படங்களைத் திறக்கவும், அளவு மாற்றவும், சிறுபடங்கள் உருவாக்கவும் பயன்படும் கட்டற்ற நிரல் நூலகம் ஆகும். இது பைத்தான் இமேஜிங் லைப்ரரி என்னும் பழைய நூலகத்திலிருந்து கிளைத்தது. அதன் சுருக்கப்பெயர் பிஐஎல்.

தோற்றம்

சுவீடனைச் சேர்ந்த நிரலாளர் பிரெட்ரிக் லுண்ட் 1995இல் பிஐஎல் பணியைத் தொடங்கினார். எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்ற உரிமத்துடன் அது வெளிவந்தது.

அளவு மாற்றும் முறை

இந்நூலகத்தில் அளவு மாற்ற இரண்டு கட்டளைகள் முதன்மையானவை. 'ரீசைஸ்' கட்டளை, கேட்ட அளவை அப்படியே தரும். 4000×3000 புள்ளிகள் உள்ள படத்தை 200×200 ஆகக் கேட்டால் உருவங்கள் பக்கவாட்டில் நெருக்கப்பட்டு ஒல்லியாகத் தெரியும். 'தம்ப்நெய்ல்' கட்டளை அகல உயர விகிதத்தைக் காத்து 200×150 ஆகச் சுருக்கும். சிறிய படத்தைப் பெரிதாக்காது.

மேற்கண்ட படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 3 பைட் வீதம் முழுவதையும் விரித்தால் 3 கோடியே 60 லட்சம் பைட் நினைவகம் வேண்டும். ஜேபெக் கோப்பாயின், தம்ப்நெய்ல் அதைப் படிக்கும்போதே எட்டில் ஒரு பங்கு நீள அகலம் வரை குறைத்துக்கொள்ளும். அதனால் நேரமும் நினைவகமும் மிச்சமாகும்.

தேக்கம்

2008 டிசம்பரில் பைத்தான் 3 வெளியானது. பழைய நிரல்கள் பல அதில் இயங்கவில்லை. 2009இல் வந்த பிஐஎல் 1.1.7 பதிப்பும் பைத்தான் 2 வரையே இயங்கியது. அதன்பின் புதிய பதிப்பு வரவில்லை. வலைத்தளங்களை அமைக்க உதவும் ஜாங்கோ, படங்களைக் கையாள பிஐஎல்லையே நம்பியிருந்தது. இவ்வாறு அதைச் சார்ந்திருந்தவர்கள் புதிய பைத்தானுக்கு மாற வழியின்றி நின்றனர்.

மறுவாழ்வு

அலெக்ஸ் கிளார்க் 2010இல் பிஐஎல்லின் மூலநிரலை எடுத்து பில்லோவைத் தொடங்கினார். நிறுவுவதை எளிதாக்குவதே முதல் நோக்கமாக இருந்தது. பின்னர் தன்னார்வலர்கள் சேர்ந்தனர். 2013இல் வெளியான 2.0 பதிப்பு பைத்தான் 3இலும் இயங்கியது.

நூலகத்தின் பெயர் மாறினாலும், நிரலுக்குள் அழைக்கும் பெயர் பிஐஎல் என்றே வைக்கப்பட்டது. ஆகவே பழைய நிரல்களைப் பெரும்பாலும் திருத்த வேண்டியிருக்கவில்லை. லுண்ட் 2021இல் காலமானார். திறந்த உரிமம் இருந்ததால் அவரது உழைப்பு அவருக்குப் பின்னும் தொடர்கிறது. இன்று பில்லோவைக் கற்கும் மாணவரும் முதல் வரியில் பிஐஎல் என்றே எழுதுகிறார்.