செம்பூரில் கொரோனா ஊரடங்கு: செலவும் பயனும்

மும்பையின் கிழக்குப் புறநகரான செம்பூர், மாநகராட்சியின் எம்-மேற்கு வார்டில் உள்ளது. தமிழர் நிறைந்த சேடா நகர், திலக் நகர்க் கட்டடங்கள், வாசிநாக்கா, லோகண்டே மார்க் குடிசைப்பகுதிகள் எல்லாம் இந்த ஒரு வார்டில்தான். 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் நடப்புக்கு வந்த ஊரடங்கின் செலவையும் பயனையும் யார் யார் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பதை இங்கே தெளிவாகப் பார்க்கலாம்.

ஊரடங்கைப் பொருளியலாளர் எடைபோடும் முறை எளியது. தவிர்க்கப்பட்ட மரணங்களும் மருத்துவமனைகளுக்குக் கிடைத்த அவகாசமும் ஒரு தட்டில். இழந்த உற்பத்தியும் கூலியும் மறு தட்டில். 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் இந்தியாவின் உள்நாட்டு உற்பத்தி முந்தைய ஆண்டைவிட 23.9 சதவீதம் சுருங்கியதாக முதல் மதிப்பீடு சொன்னது. நாடு முழுவதற்குமான இத்தகைய ஒற்றை எண், இழந்தவர் யார், காக்கப்பட்டவர் யார் என்பதைக் காட்டுவதில்லை.

அதைக் காட்டியது 2020 ஜூலையில் நடந்த குருதிப் பரிசோதனை ஆய்வு. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், நிதி ஆயோக், மாநகராட்சி ஆகியவை இணைந்து செம்பூர் அடங்கிய எம்-மேற்கு, மாட்டுங்கா அடங்கிய எஃப்-வடக்கு, தகிசர் அடங்கிய ஆர்-வடக்கு என மூன்று வார்டுகளில் 6,936 பேரின் மாதிரிகளைச் சோதித்தன. குடிசைவாசிகளில் சுமார் 57 சதவீதத்தினர் உடலில் கொரோனா எதிர்ப்பொருள் இருந்தது. மற்ற குடியிருப்புகளில் 16 சதவீதம். ஊரடங்கு தொடங்கி நான்கு மாதங்கூட ஆகவில்லை.

காரணத்தை வெகுதூரம் தேட வேண்டாம். பத்துக்குப் பத்து அறையில் ஐந்தாறு பேர் இருக்கும்போது வீட்டிற்குள் இருப்பதே நெருக்கம். காலையில் வாளியும் கையுமாகப் பொதுக்கழிப்பறை வரிசையில் நிற்பதை எந்த உத்தரவாலும் நிறுத்த முடியாது. ஆக, குடிசைப்பகுதிகளில் ஊரடங்கு தொற்றைப் பெரிதாகத் தடுக்கவில்லை. கூலியை மட்டும் முழுதாகத் தடுத்தது. அடுக்குமாடிக் குடியிருப்புச் சொசைட்டிகளின் வாசலில் வேலைக்காரப் பெண்களைத் திருப்பி அனுப்பினார்கள். சைக்கிளில் இட்லி விற்றவர்களுக்குத் தெருவும் இல்லை. மார்ச் 22 நள்ளிரவோடு நின்ற லோக்கல் ரயில், பொதுமக்களுக்குக் குறித்த நேரங்களில் திறந்தது 2021 பிப்ரவரி 1இல்தான். வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்த்தவர்களுக்கு நோயும் குறைவு, வருமான இழப்பும் குறைவு.

இதைக் கொண்டு ஊரடங்கே வீண் என்று முடிவுகட்டுவது தவறு. பாந்திரா-குர்லா வளாகத் திடலில் தற்காலிக மருத்துவமனை எழும்பக் கிடைத்த சில வாரங்கள் எல்லா வர்க்கத்துக்கும் உதவின. குடிசைப்பகுதியில் இறப்பு விகிதம் குறைவாகத் தெரிந்ததை வைத்தும் அப்படி முடிவுகட்ட முடியாது; அதில் மக்களின் இளவயதுக்கும் பங்குண்டு. தொற்று தள்ளிப்போனதன் மறுபக்கம் 2021 பிப்ரவரியில் தெரிந்தது: அப்போது செம்பூரில் தொற்று வேகமாக ஏறியது பெரும்பாலும் கட்டடங்களில்தான். ஐந்து பேருக்குமேல் தொற்றிய கட்டடத்துக்குச் சீல் வைக்க மாநகராட்சி உத்தரவிட்டது.

உண்மையான குறை ஈட்டுத்தொகையில் இருந்தது. ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் 500 ரூபாய், அதுவும் மூன்று மாதமே. ஆளுக்கு 5 கிலோ இலவசத் தானியத்துக்கு ரேஷன் கார்டு வேண்டியிருந்தது. திருநெல்வேலியில் கார்டு வைத்துக்கொண்டு மும்பையில் உழைத்தவருக்கு இங்குள்ள கடையில் அது அப்போது செல்லவில்லை. 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது 2020 அக்டோபரில். வங்கித் தவணை ஒத்திவைப்பு வீட்டுக்கடன் வாங்கியவருக்கு மூச்சுவிட இடம் தந்தது. தெரு வட்டிக்காரரிடம் வாங்கியவருக்கு அப்படி எதுவுமில்லை. சாலையோர வியாபாரிகளுக்கு ஜூனில் வந்த 10,000 ரூபாயும் கடன்தான். ஒரு கொள்கையின் செலவில் இந்த ஈட்டுத்தொகையையும் முதலிலேயே சேர்த்திருக்க வேண்டும்.

இரண்டாம் அலையில் மகாராஷ்டிரம் ஓரளவு அப்படிச் செய்தது. 2021 ஏப்ரல் 13 அன்று கட்டுப்பாடுகளோடு சேர்த்தே 5,476 கோடி ரூபாய் உதவியையும் அறிவித்தது. வீட்டுவேலை செய்வோர், கட்டடத் தொழிலாளர், சாலையோர வியாபாரிகளுக்குத் தலா 1,500 ரூபாய்; அதுவும் அரசிடம் பதிவு செய்தவர்களுக்கு மட்டும்.