காரில் தூங்கும் குழந்தை: மறதியை நம்பாதீர்கள்

2022 செப்டம்பரில் கத்தாரின் அல் வக்ராவில், மழலையர் பள்ளிப் பேருந்தில் தூங்கிவிட்ட நான்கு வயது கேரளத்துச் சிறுமி இறங்காததை யாரும் கவனிக்கவில்லை. பேருந்தைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மீண்டும் திறந்து பார்த்தபோது காலம் கடந்திருந்தது. கத்தார் கல்வி அமைச்சகம் அந்தப் பள்ளியை மூடியது.

வளைகுடாவில் குடும்பத்தோடு வாழும் நம் சமுதாயத்தவர்களுக்கு இது பக்கத்து வீட்டுச் செய்தி. பள்ளிப் பேருந்தில் மட்டுமல்ல, சொந்தக் காரிலும் இது நடக்கிறது. "பெற்ற பிள்ளையை யாராவது மறப்பார்களா?" என்றுதான் உடனே கேட்கிறோம். மறக்கிறார்கள். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 37 குழந்தைகள் வாகன வெப்பத்தில் இறக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் பொறுப்பிலிருந்த பெரியவர் மறந்துவிட்டதால் நேர்ந்தவை. அவர்கள் பாசமில்லாதவர்கள் அல்லர்.

தெற்கு புளோரிடா பல்கலைக்கழகத்தின் நரம்பியல் ஆய்வாளர் டேவிட் டயமண்ட் இதை விளக்குகிறார். தினமும் போகும் பாதையில் ஓட்டும்போது மூளையின் பழக்க நினைவு பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. "இன்று குழந்தையை இறக்கிவிட வேண்டும்" என்ற திட்ட நினைவு அதற்கு அடியில் அமுங்கிவிடுகிறது. வழக்கமாக மனைவி கொண்டுபோய் விடுவார், இன்று கணவர் போகிறார். குழந்தை பின்சீட்டில் சத்தமின்றித் தூங்குகிறது. ஓட்டுபவருக்கோ தூக்கக் குறைவு. இந்த மூன்றும் சேர்ந்தால் போதும். ரமளானில் ஸஹர் முடித்து அரைத் தூக்கத்தோடு வேலைக்குக் கிளம்பும் காலை நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

எனவே "நான் மறக்கமாட்டேன்" என்ற உறுதி இங்கே பாதுகாப்பு ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்பது நாம் அறிந்ததே. கைப்பேசியை, அலுவலக அடையாள அட்டையை, இல்லையென்றால் இடது காலணியைக் குழந்தைக்கு அருகில் பின்சீட்டில் வையுங்கள். அதை எடுக்கப் பின்கதவைத் திறந்தே ஆகவேண்டும். குழந்தை வரவில்லையென்றால் உடனே தொலைபேசியில் கேட்கும்படி பள்ளியிடம் சொல்லி வையுங்கள். பேருந்து ஓட்டுநர் கடைசி இருக்கை வரை நடந்து பார்த்த பிறகே பூட்டுகிறாரா என்றும் விசாரியுங்கள். இத்தாலியில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கார் இருக்கைக்கு எச்சரிக்கைக் கருவி 2019 முதல் சட்டப்படி கட்டாயம்.

மறதியே இல்லாமல், தெரிந்தே விட்டுப்போவதும் உண்டு. "தூங்குகிறான், பக்காலாவில் ஒரு நிமிடம்தான்" என்று இறங்குகிறோம். வெளியே 22 டிகிரி இருந்த நாளிலேயே மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி வரை ஏறியதை அமெரிக்க மருத்துவர்கள் அளந்திருக்கிறார்கள். அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே வந்துவிடுகிறது. கண்ணாடியைச் சற்று இறக்கிவைப்பதால் பெரிய பயனில்லை. ஏ.சி.யை ஓடவிட்டுப் போவதும் ஆபத்தே. இன்ஜின் நின்றுபோகலாம், குழந்தை கியரில் கை வைக்கலாம். சிறு குழந்தையின் உடல் பெரியவர்களைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும். உடல்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

ஊரில் ஆபத்து வேறு வடிவில் வருகிறது. 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடியில், நின்றிருந்த காருக்குள் விளையாட ஏறிய மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். வீட்டு வாசலில் நிற்கும் காரையும் பூட்டுங்கள். சாவியைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள். பிள்ளையைக் காணோம் என்றால் தெருவில் தேடும் முன் காரையும் டிக்கியையும் திறந்து பாருங்கள்.

பூட்டிய காருக்குள் குழந்தை தனியாக இருப்பதைக் கண்டால் உரிமையாளருக்காகக் காத்திருக்க வேண்டாம். அமீரகத்திலும் கத்தாரிலும் 999, சவூதியில் 997, இந்தியாவில் 108 எண்ணை அழையுங்கள். குழந்தை துவண்டிருந்தால் அதற்குத் தூரமான பக்கத்துக் கண்ணாடியை உடைத்து வெளியே எடுங்கள். நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடலெங்கும் தண்ணீர் நனைத்து விசிறுங்கள். மயக்கத்தில் இருக்கும் குழந்தையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.