ஆற்காட்டுக் குதிரைப்படைத் தளபதி

1993 வரை நம் நெய்வேலி தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அப்பெயருக்குரிய ஆற்காடு, ஒரு காலத்தில் ஆங்கிலேயக் குதிரைப்படையின் பாசறை. 1806-இல் அங்கிருந்த 19-ஆம் குதிரைப்படைக்குத் தலைவர், அயர்லாந்தின் கோம்பர் ஊரில் பிறந்த கர்னல் ராபர்ட் ரோலோ கில்லெஸ்பி.

திருநீறும் நாமமும் கூடாது, தாடியை மழிக்கவேண்டும், தோல் குஞ்சம் வைத்த தலைப்பாகை அணியவேண்டும் என்ற கட்டளைகளால் மனம் புண்பட்ட இந்தியச் சிப்பாய்கள், அவ்வாண்டு ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்தனர். வெள்ளையர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர், பலர் உறக்கத்திலேயே. செய்தி எட்டியதும் கில்லெஸ்பி சுமார் இருபது வீரரோடு முன்னே பாய்ந்தார். கயிற்றைப் பிடித்து மதிலேறினார். வீரந்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் பின்வந்த பீரங்கிகள் வாயிலைப் பிளந்தபின், அரண்மனையில் ஒளிந்திருந்த ஏறக்குறைய நூறு சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள்.

கில்லெஸ்பி 1814 அக்டோபர் 31 அன்று டேராடூன் அருகே கூர்க்கர் கோட்டை முன் குண்டுபட்டு இறந்தார். பிறந்த ஊரில் அவருக்கு 1845-இலேயே உயர்ந்த தூண் எழும்பிற்று. வேலூர்ச் சிப்பாய்களுக்குத் தூண் எழும்ப நூறாண்டுக்கும் மேலாயிற்று.

அவர் இறந்த நாளுக்கு இரண்டாம் நாள் சகல ஆத்துமாக்கள் திருநாள். நம் கல்லறைத் தோட்டத்தில் அன்று ஏற்றும் மெழுகுதிரிகளில் ஒன்று அவருக்கு. ஒன்று உறக்கத்தில் மாண்டவர்களுக்கு. ஒன்று அந்தச் சுவரோரம் நின்றவர்களுக்கு.