சீதன ஓலையும் கைமாற்றும்

விவாகரத்தின்போது இங்கிலாந்து நீதிமன்றம் தம்பதியரின் சொத்தைப் பங்கிட முற்படுகையில், எம்மவர் பலர் எதிர்பாராத வினா ஒன்று எழுகின்றது. வீடு வாங்கக் கணவனின் தமையன் தந்த பணம் கடனா, கொடையா? கைமாற்று என்பார் கணவர். அன்பளிப்பு என்பார் மனைவி. இருவர் கையிலும் ஒரு துண்டுக் கடிதமும் இராது.

உடன்பிறப்பிடம் எழுத்து வாங்குவது அவமரியாதை அன்றோ என்று அண்மையில் ஒரு தம்பி என்னிடம் கேட்டார். பெற்ற மகளுக்குக் கொடுத்ததையே ஓலையில் எழுதி வைத்த ஊரார் நாம் என்பதை அவருக்கு நினைவூட்டினேன்.

1707 தை மாதத்தில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ், யாழ்ப்பாணத்து வழமைகளைத் தொகுத்து ஆளுநர் சைமன்சிடம் அளித்தார். 37 ஆண்டுகள் எம்மிடையே வாழ்ந்த அனுபவம் அவருடையது. தமிழில் பெயர்க்கப்பட்ட அத்தொகுப்பை 12 முதலியார்கள் பார்வையிட்டு ஏற்றனர். அதுவே தேசவழமை; 1806 இல் ஆங்கிலேயரும் அதற்குச் சட்டவலு அளித்தனர்.

வழிவழி வந்தது முதுசம். மனைவி கொண்டுவந்தது சீதனம். மணவாழ்விலே ஈட்டியது தேடியதேட்டம். எச்சொத்து எவ்வழி வந்தது என்பதே அங்கு முதற்கேள்வி. பிள்ளைகள் இல்லாதவிடத்து முதுசம் கணவன் சுற்றத்துக்கும் சீதனம் மனைவி சுற்றத்துக்கும் மீளும். சீதன ஓலையில் எழுதிய காணியைப் பத்தாண்டுக்குள் கையேற்காவிடின் உரிமை அற்றுப்போகும் என்றும் விதித்திருந்தனர். எழுத்தும் காலவரையறையும் உறவைக் கெடுக்கும் என்று அன்று எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை!

இங்கிலாந்தின் பாதை வேறு. மணமானதும் மனைவியின் பணமும் நகையும் கணவனுடையனவாகிய நிலையை 1870, 1882 ஆம் ஆண்டுச் சட்டங்கள் மாற்றின. அவரவர் உடைமை அவரவர்க்கே ஆயிற்று. எனினும் பிரியும்போது பங்கிடும் பரந்த அதிகாரம் 1970 இலேயே நீதிமன்றத்துக்குக் கிட்டியது. 1973 ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தன்னுட் சேர்த்துக்கொண்டது. இங்கு சொத்து வந்த வழியும் நோக்கப்படும். ஆயினும் பிள்ளைகளின் நலனும் இருவரின் தேவைகளும் அதனை விஞ்சலாம்.

தமையனின் பணம் இந்தச் சட்டத்தின் முன்னேதான் வந்து நிற்கின்றது. கடன் என நிறுவப்பட்டாலும் அது வன்கடனா, மென்கடனா என ஆராய்வர். 2022 இல் நீதிபதி ஹெஸ் வழங்கிய தீர்ப்பொன்று இதற்குரிய அடையாளங்களைத் தொகுத்துரைத்தது. எழுத்து உண்டா, திருப்பிச் செலுத்தும் நாள் குறித்ததா, கொடுத்தவர் எப்போதாவது கேட்டாரா, கேட்காமலே ஆண்டுகள் கழிந்தனவா என்பன அவற்றுட் சில. வற்புறுத்தப்படாது எனத் தோன்றும் கடனைக் கணக்கிலிருந்து நீக்கிவிடவும் கூடும். மெய்யாகவே கொடுத்த தமையனுக்கு அது பேரிழப்பு.

இதற்கு எதிர்மாறான தந்திரமும் உண்டு. வழக்கு வருமென்றறிந்து வீட்டைத் தம்பி பெயருக்கு மாற்றிவிடுவோர் உளர். 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37 ஆம் பிரிவு இதற்கு இடங்கொடாது. மனைவியின் உரிமையைக் குலைக்கும் நோக்குடன் செய்த கைமாற்றத்தை நீதிமன்றம் இரத்துச் செய்யலாம். விண்ணப்பத்துக்கு முந்திய மூன்றாண்டுக்குள் செய்து, அதனால் அவ்வுரிமை குலையுமாயின், அந்நோக்கம் இருந்ததாகவே சட்டம் கொள்ளும்; இல்லையென நிறுவுவது செய்தவர் பொறுப்பு. உரிய விலை கொடுத்து, நல்லெண்ணத்துடன், விடயம் அறியாது வாங்கிய அந்நியரை மட்டும் அது தீண்டாது. விலையேதும் கொடாது பெயரை மாத்திரம் கொடுத்த தம்பிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.