சமையலறை ஜன்னலும் கல்யாண கேக்கும்



அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான்: "சார், இங்கே ஒரு கேக் கடைக்காரர் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தாரே. அப்படியானால் மதத்தைச் சொல்லி யாருக்கு வேண்டுமானாலும் வியாபாரம் செய்ய மறுக்கலாமா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது. வரலாற்றில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பதிவு நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

அறுபது, எழுபது வருடங்களுக்கு முன்பு அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒரு கறுப்பினக் குடும்பம் காரில் வெளியூர் போவது சாமானிய காரியம் இல்லை. எந்த ஓட்டலில் சாப்பாடு கொடுப்பார்கள், எந்த விடுதியில் படுக்க இடம் தருவார்கள் என்று தெரியாது. விக்டர் ஹியூகோ கிரீன் என்ற நியூயார்க் தபால் ஊழியர், கறுப்பின மக்களை ஏற்றுக்கொள்ளும் இடங்களைத் தொகுத்து 1936-இல் ஒரு வழிகாட்டி நூல் போட்டார். அந்த நூலுக்கு முப்பது வருடம் தேவை இருந்தது என்பதே ஒரு வரலாறு.

1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கல்லூரி மாணவர்கள் உல்வொர்த் கடைக்குப் போனார்கள். சில்லறைச் சாமான்கள் வாங்கினார்கள். கடையில் காசை வாங்கிக்கொண்டார்கள். அதே கடையின் உணவுப் பகுதியில் உட்கார்ந்து காபி கேட்டபோது மட்டும் "உங்களுக்குக் கிடையாது" என்றார்கள். மாணவர்கள் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் வந்தார்கள். போராட்டம் ஊர் ஊராகப் பரவியது.

இப்படிப் பல போராட்டங்களின் பலனாக 1964 ஜூலை 2 அன்று சிவில் உரிமைகள் சட்டம் வந்தது. ஓட்டல், விடுதி, தியேட்டர் போன்ற இடங்களில் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு பார்த்து ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றது. தான் குடியிருக்கும் வீட்டிலேயே ஐந்து அறைகளுக்கு மிகாமல் வாடகைக்கு விடுபவருக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. வீடு வேறு, கடை வேறு என்று சட்டம் அன்றே பிரித்துப் பார்த்தது.

உடனே வழக்குகள் வந்தன. அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட ஒரு விடுதியின் உரிமையாளர், "எனக்கு விருப்பமில்லாதவருக்குப் பணி செய்யச் சொல்வது என்னை அடிமையாக்குவது" என்றுகூட வாதாடினார். அடிமைத்தனத்தை ஒழித்த அரசியல் சட்டத் திருத்தத்தையே தனக்குச் சாதகமாகக் காட்டினார்! உச்ச நீதிமன்றம் அதை அந்த டிசம்பரிலேயே தள்ளுபடி செய்தது.

நம் கேள்விக்கு நேராக வருவது இன்னொரு வழக்கு. தென் கரோலினாவில் மாரிஸ் பெசிங்கர் என்பவர் 'பிக்கி பார்க்' என்ற பெயரில் பார்பிக்யூ உணவகங்கள் நடத்தினார். கறுப்பின மக்கள் அங்கே சாப்பிட முடியாது. சமையலறை ஜன்னலில் நின்று வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். 1964-இல் ஒரு போதகரின் மனைவியான ஆன் நியூமன் அங்கே போய்த் திருப்பி அனுப்பப்பட்டார். வழக்குப் போட்டார். இனங்கள் கலப்பது கடவுளின் சித்தத்துக்கு விரோதம், இந்தச் சட்டம் என் மத சுதந்திரத்தைப் பறிக்கிறது என்றார் பெசிங்கர்.

1966-இல் கீழ் நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: நீங்கள் எதை வேண்டுமானாலும் நம்பலாம். ஆனால் மற்ற குடிமக்களின் உரிமையை மதிக்காமல், அந்த நம்பிக்கையை உங்கள் வியாபாரத்தில் நடத்திக் காட்ட உங்களுக்கு முழு உரிமை கிடையாது. 1968-இல் உச்ச நீதிமன்றம், அந்த மத வாதம் பொருட்படுத்தவே தகுதியில்லாதது என்ற அளவில் ஒரு அடிக்குறிப்போடு முடித்துவிட்டது.

சமையலறை ஜன்னல் என்றதும் நம் ஊர் இரட்டைக் குவளை உங்களுக்கு நினைவு வந்திருக்கும். நம் அரசியலமைப்பின் 15(2) பிரிவு, மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டி ஒருவரைக் கடைக்குள்ளும் ஓட்டலுக்குள்ளும் விட மறுக்கக் கூடாது என்று 1950-லேயே சொல்லிவிட்டது. அமெரிக்கச் சட்டத்துக்குப் பதினான்கு வருடம் முந்தியது. சட்டம் முந்தியது, குவளை போக வெகு காலம் ஆயிற்று. அது உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

இனி கேக் கடைக்கு வருவோம். 2012-இல் கொலராடோ மாநிலத்தில் இரண்டு ஆண்கள் தங்கள் திருமணத்துக்குக் கேக் கேட்டார்கள். கடைக்காரர் ஜாக் பிலிப்ஸ், பிறந்தநாள் கேக் தருகிறேன், பிஸ்கட் தருகிறேன், இந்தத் திருமணத்துக்கு மட்டும் என் கிறிஸ்தவ நம்பிக்கைப்படி செய்ய முடியாது என்றார். தன்பாலின ஈர்ப்பாளர்களிடம் கடைக்காரர்கள் பாகுபாடு காட்டக் கூடாது என்பது அந்த மாநிலச் சட்டம். 2018-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று பிலிப்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் காரணத்தைக் கவனியுங்கள். அவரை விசாரித்த மாநில ஆணையம் அவருடைய மதத்தை இளக்காரமாகப் பேசியது, நடுநிலையோடு நடக்கவில்லை என்பதுதான் காரணம். மதத்தைச் சொல்லி மறுக்கலாமா என்ற மூலக் கேள்விக்கு அங்கே பதில் இல்லை.

அதே 2018-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் பெல்ஃபாஸ்ட் பேக்கரி ஒன்றின் வழக்கை முடித்தது. தன்பாலினத் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தைக் கேக்கின்மேல் எழுதித் தரச் சொன்னார் ஒருவர். பேக்கரிக்காரர் மறுத்தார். அவர் மறுத்தது ஆளை இல்லை, வாசகத்தை. யார் வந்து கேட்டிருந்தாலும் எழுதியிருக்க மாட்டார் என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். எனக்கு இது தெளிவான கோடாகத் தெரிகிறது.

2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொலராடோவின் இணையதள வடிவமைப்பாளர் ஒருவருக்கு, தன்பாலினத் திருமணத்துக்குத் தளம் உருவாக்க மறுக்கும் உரிமை உண்டு என்றது. மத உரிமை என்று சொல்லவில்லை, பேச்சுரிமை என்றது. 6-க்கு 3. எதிர்த்து எழுதிய நீதிபதி சோட்டோமேயர், பொதுமக்களுக்குத் திறந்த ஒரு தொழிலுக்கு இப்படி மறுக்கும் உரிமையை நீதிமன்றம் கொடுப்பது வரலாற்றில் இதுவே முதல் முறை என்று கண்டித்தார்.

நம் ஊர் உதாரணத்தில் சொல்கிறேன். சைவ ஓட்டலில் போய் ஆட்டுக்கறி கேட்டு வழக்குப் போட முடியாது. அது யாருக்கும் விற்காத பொருள். ஆனால் இவருக்கு வைக்கும் இட்லியை அவருக்கு வைக்க மாட்டேன் என்றால் குற்றம். அச்சகக்காரர் தன் மதத்தைத் திட்டும் நோட்டீஸை அடிக்க மறுக்கலாம். மணமக்களின் சாதியைப் பார்த்துக் கல்யாணப் பத்திரிகை அடிக்க மறுக்கக் கூடாது. சிக்கல் எங்கே என்றால், கல்யாண கேக் இட்லியா, நோட்டீஸா? அந்த நாடு இன்னும் அதில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது.

கேக் கடைக்காரரின் மனசாட்சியை நான் கேலி செய்ய மாட்டேன். அவர் நம்பிக்கை உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் பெசிங்கரும் கடவுள் பெயரைச் சொல்லித்தான் ஜன்னலைக் காட்டினார். நம்பிக்கை எவ்வளவு ஆழம் என்று எந்த நீதிபதியாலும் அளக்க முடியாது. வாசலில் நிற்பவர் திரும்பிப் போகிறாரா இல்லையா என்பதைப் பார்க்க முடியும். தெருவைப் பார்த்துக் கதவைத் திறந்து வைத்தவர், தெருவில் போகும் எல்லோருக்கும் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பது என் கருத்து. தன் வாயால் சொல்ல விரும்பாததை எழுதச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அதைத் தாண்டி, ஆளைப் பார்த்து மறுக்க வேண்டாம்.

சட்டம் படித்த பிள்ளைகளும் கடை நடத்தும் பிள்ளைகளும் இந்தப் பக்கத்தில் பலர் இருக்கிறீர்கள். கல்யாண கேக் எந்தப் பக்கம் சேரும்? மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். யாருடைய மதத்தையும் யாருடைய வாழ்க்கையையும் ஏளனம் செய்யாமல் எழுத வேண்டும். வகுப்பில் இருந்த அதே விதிதான்!