ஆடி நீங்கிய கமெரா

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில், வடமராட்சியின் வணிக நிலையங்களுள் ஒன்றாய் விளங்குவது நெல்லியடி. அங்கு நிகழும் திருமணங்களையும் கோயில் விழாக்களையும் படம்பிடிப்போர் கழுத்தில், அண்மைக்காலம் வரை, வில்லையுஞ் சேர்ந்து ஒன்றரைக் கிலோகிராமுக்குக் குறையாத பெருங் கமெராவே தொங்கிற்று. முகூர்த்தந் தொடங்கி மாலை வரவேற்பு முடியும்வரை அதனைச் சுமப்பது எளிய செயலன்று. இப்பொழுது அதனிடத்தை உள்ளே ஆடியில்லாத சிறு கமெரா பெற்று வருகின்றது. கருவி பெரிதாயிருந்தாற்றான் படமுஞ் சிறக்கும் என்னும் எண்ணம் மணவீட்டார் சிலரிடம் இன்னும் நீங்காமையால், புதுக் கருவியைக் கண்டு அவர்கள் ஐயுறுவதும் உண்டு. அவ்வையம் பழையது. புகைப்படக் கலையின் வரலாறே சுமை இறக்கிய வரலாறுதான். ஆயின் ஒவ்வொரு முறை சுமை இறங்கியபோதும் அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் இக்கலையைப் பெருமுயற்சியோடு கையாண்டவர் லினேயஸ் திரிப் என்னும் படையதிகாரி. சென்னை அரசின் புகைப்படக்காரராயிருந்த அவர் 1858 இல் மதுரை, தஞ்சை முதலிய இடங்களைப் படம்பிடித்தார். அக்காலத்திற் படத்தை உருப்பெருக்கும் வழக்கம் இல்லாமையால், எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய கமெராவே வேண்டியிருந்தது. திரிப்பின் படங்கள் ஏறக்குறைய 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உடையன. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களை அவர் 21 படங்களாக எடுத்து ஒட்டிச் சேர்த்த தொடர், 19 அடி அளவு நீண்டது.

இலங்கையிலோ யோசப் லோட்டன் என்பார் 1870, 1871 ஆம் ஆண்டுகளில் அனுராதபுரம், பொலநறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் அழிபாடுகளைப் படமாக்கினார். அவர் காலத்து முறை ஈரத்தகட்டு முறையாகும். 1851 இல் பிரெடெரிக் ஸ்கொட் ஆச்சர் வெளியிட்ட அம்முறையில், கண்ணாடித் தகட்டின்மீது மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்து, அவ்விடத்திலேயே கழுவியுங் கொள்ளல் வேண்டும். ஆதலின் கமெராவோடு இருட்கூடாரமும், மருந்துப் புட்டிகளும், கண்ணாடித் தகடுகளும், நல்ல நீரும் காட்டினூடே உடன்செல்ல வேண்டியிருந்தன. சுமந்த கூலியாட்களின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை.

1871 இல் றிச்சட் மடொக்ஸ் உலர்தகட்டுக்கு வழிகாட்டக் கூடாரச் சுமை நீங்கிற்று. கமெராவின் சுமையை நீக்கியவர் ஜேர்மனியின் வெற்ஸ்லர் நகரில் லைற்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய ஒஸ்கார் பார்னாக் ஆவர். ஆஸ்துமா நோயினராகிய அவருக்குத் தகட்டுக் கமெராவைச் சுமந்து மலையேறுதல் இயலாதாயிற்று. சினிமாச் சுருளில் 24 மில்லிமீற்றருக்கு 36 மில்லிமீற்றர் அளவிற் சிறுபடம் எடுத்துப் பின்னர்ப் பெருப்பிக்கலாம் என அவர் கண்டார். 1925 இல் லைக்கா சந்தைக்கு வந்தது. விலையாகக் கொடுத்தது நுண்மை; பெருந்தகட்டின் தெளிவு சிறுபடத்திற் கிடைக்கவில்லை.

அவ்விலை கொடுக்கத் தக்கதே என்பதற்குக் கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ற் சான்றாவார். 1944 இல் மறைந்த இவர், கையிலடங்கும் லைக்காவையும் ரொலிபிளெக்ஸையும் கொண்டு இலங்கை மக்களின் உழைப்பையும் ஓய்வையும் படம்பிடித்தார். லோட்டனுடைய படங்களிற் சிறப்பது கல். வென்றினுடைய படங்களிற் சிறப்பது மனிதன்.

லைக்காவிலும் ஒரு குறை இருந்தது. கண் பார்க்கும் சாளரம் வேறு, படம் விழும் வில்லை வேறு. அண்மையிலுள்ள பொருளை எடுக்கும்போது கண்டது ஒன்றும் பதிந்தது மற்றொன்றுமாகும். வில்லையின் பின்னே சரிவாக ஓர் ஆடியை நிறுத்தி, அதில் விழும் உருவையே கண்ணுக்குக் காட்டுவது இதற்குப் பரிகாரம். இவ்வெண்ணத்திற்குத் தோமஸ் சட்டன் 1861 இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். சினிமாச் சுருளுக்கு ஏற்ற ஆடிக் கமெராவாகக் கினே எக்ஸாக்ரா 1936 இலும், பட்டகத்தால் உருவை இடவலம் மாறாது காட்டும் கொன்ராக்ஸ் எஸ் 1949 இலும், தொழிலாளர் பலரும் கைக்கொண்ட நிக்கொன் எப் 1959 இலும் வெளிவந்தன. படமெடுக்குங் கணத்தில் ஆடி மேலெழ வேண்டும். அதற்கு இடம் வேண்டும். ஆகவே நிக்கொன் எப் கமெராவில் வில்லை பொருந்தும் வாய்க்கும் சுருளுக்கும் இடையே 46.5 மில்லிமீற்றர் விடப்பட்டது. கமெராவின் தடிப்புக்குக் காரணம் அவ்வெற்றிடமே.

மின்னணுப் படம் வந்தபோது முதலிற் சுமை கூடியதேயன்றிக் குறையவில்லை. கொடாக் நிறுவனத்தில் ஸ்ரீவன் சாசன் 1975 இல் அமைத்த கருவியின் நிறை 3.6 கிலோகிராம். 1991 இல் அந்நிறுவனம் நிக்கொன் எப்-3 கமெராவின்மீது அமைத்து விற்ற கருவிக்கு, படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தனியே தோளில் மாட்ட வேண்டியிருந்தது. பின்னர்ப் பெட்டி மறைந்தது. ஆடி மட்டும் நிலைத்தது. ஒளியுணரி தான் கண்டதைக் கணந்தோறும் திரைக்கு அனுப்ப வல்லதானபின் ஆடிக்கு வேலையில்லை. எனினும் பழகிய உறுப்பை விட எவரும் விரைந்திலர். 2008 இற் பனசோனிக் ஜி-1 என்னும் கமெரா அதனைக் கைவிட்டது. நிக்கொனும் கனனும் முழுச்சட்டகக் கமெராக்களில் அவ்வழியைப் பின்பற்றியது 2018 இலேயாம். நிக்கொனின் 46.5 மில்லிமீற்றர் இடைவெளி 16 ஆயிற்று. ஏறக்குறைய 4 கோடியே 57 இலட்சம் படப்புள்ளிகளைப் பதியும் டி-850 பற்றரியுடன் 1005 கிராம். அதே அளவு பதியும் ஆடியற்ற இசட்-7 கமெரா 675 கிராம். வில்லைகளோ பெரிதுஞ் சிறுக்கவில்லை. ஒளியுணரியின் பரப்பு மாறாதவரை அவை சிறுத்தற்கு இடமுமில்லை.

இம்முறை கொடுத்த விலை மின்சாரம். ஆடி ஒளியைத் திருப்புதற்கு மின் வேண்டுவதில்லை. ஒளியுணரியுந் திரையும் ஓயாது மின்னை உண்ணும். ஜப்பானியக் கமெராச் சங்கத்தின் அளவீட்டு முறைப்படி, ஒரு பற்றரியில் டி-850 எடுப்பது 1840 படம்; இசட்-7 எடுப்பது 330. இவ்வெண்கள் வேறிடங்களில் எவ்வாறாயினும், நெல்லியடியில் அவற்றுக்குத் தனிப்பொருள் உண்டு. 1990 இற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அத்தகைய நாளில், பற்றரி தீர்ந்தாலும் ஷட்டர் இயங்கும் நிக்கொன் எப்எம்-2, பென்ரக்ஸ் கே-1000 போன்ற பொறிமுறைக் கமெராக்களே சுருள் உள்ளவரை உதவத்தக்கன. போர் முடிந்தபின்னும், 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின் தடைப்பட்டது. ஆடியற்ற கமெராவுடன் மணவீட்டுக்குச் செல்பவர் பையில் மேலதிகமாக மூன்று நான்கு பற்றரிகளேனும் இருத்தல் வேண்டும். அவற்றை முதல்நாள் இரவே, மின் உள்ளபோது, ஏற்றி வைத்தல் வேண்டும்.