பொறித்த ஆண்டும் பிறந்த ஆண்டும்

அகழ்ந்தெடுத்த மட்கலத் துண்டொன்றுக்குக் காலங் கூறுதல் அரிதென்பதை யாவரும் ஒப்புவர். ஆண்டும் ஆக்கியோர் பெயரும் தன்மேற் பொறிக்கப்பட்ட இயந்திரத்துக்குக் காலங் கூறுவதில் இடர்ப்பாடு யாது என வினாவுவார் பலர். அவ்வாண்டே பெரும்பாலும் இடர்ப்பாட்டுக்குக் காரணமாகின்றது. அது பொருள் முழுமையும் ஆக்கப்பட்ட ஆண்டா, உறுப்பொன்று மாத்திரம் ஆக்கப்பட்ட ஆண்டா, புத்தாக்கத்துக்கு உரிமை பெற்ற ஆண்டா என்று உசாவாது நம்புவோர் பத்தும் இருபதும் ஆண்டு பிழைபடுவர். பழந் துவக்கு, பழந் தட்டெழுத்துப் பொறி என்னும் இரண்டையும் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

இவ்விரண்டையும் ஒருங்கே எடுத்தல் விந்தையாகத் தோன்றலாம். ஆயின், வாணிகத்தில் முதன்முதல் நிலைபெற்ற தட்டெழுத்துப் பொறி ஒரு துவக்குத் தொழிற்சாலையிலேயே ஆக்கப்பட்டது. நியூயோர்க் மாநிலத்து இலியன் என்னும் ஊரில் இருந்த ஈ. றெமிங்ரனும் மைந்தரும் என்னும் கொம்பனியார், 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பின்னர் வேறு தொழில்களையும் நாடித் தையற் பொறி முதலியன செய்யத் தலைப்பட்டனர். 1873 மார்ச் மாதம் முதலாந் திகதி, ஷோல்ஸ் என்பார் அமைத்த எழுதும் பொறியை ஆக்கித் தருதற்கு உடன்படிக்கை செய்தனர். மறு ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது. தையற் பொறி செய்த கைகளே அதனையும் செய்தமையால், அதன்மீது பூக்கள் தீட்டப்பட்டிருந்தன. வரி முடிந்ததும் தாள் ஏந்தியை மீட்பதற்குக் காலால் மிதிக்கும் பலகையும் சில பொறிகளில் இருந்தது.

அப்பொறி ஆங்கிலப் பேரெழுத்துக்களை மட்டுமே பதித்தது. சிற்றெழுத்தும் பேரெழுத்தும் ஒருங்கே பதிக்கும் றெமிங்ரன் இரண்டாம் இலக்கப் பொறி 1878இலேயே வெளிவந்தது. ஆகவே, 1875ஆம் ஆண்டுத் திகதியிட்டு, சிற்றெழுத்திலே தட்டெழுதப்பட்ட றெமிங்ரன் கடிதமொன்றை எவரேனும் காட்டுவாராயின், பொறியைக் காணாமலே அதனை ஐயுறலாம். பொறிக்கு மாத்திரமன்றி, அதிற் பிறந்த தாளுக்கும் காலங் கூறவல்லது இவ்வறிவு. வரலாற்று மாணவருக்கு இதன் பயன் பெரிது. பொறி அழிந்தொழிந்த பின்னும் தாள் எஞ்சியிருக்கும் அன்றோ?

பொறியின் முகப்பிலும் துவக்கின் உடலிலும் காணப்படும் ஆக்கவுரிமைத் திகதிகளே மக்களைப் பெரிதும் மயக்குவன. றெமிங்ரன் துவக்குக்கள் பலவற்றில் 1860ஆம் ஆண்டுகளின் திகதிகள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள. அவை உணர்த்துவது ஒன்றே: அவற்றுள் இறுதித் திகதிக்கு முன்னர் அத்துவக்குச் செய்யப்படவில்லை. எத்துணை ஆண்டு பின்னர் என்பதை அவை கூறா. மறு எல்லையைக் காட்டுவது கொம்பனியின் பெயராகும். தட்டெழுத்துப் பொறித் தொழிலை 1886இல் றெமிங்ரன் குடும்பத்தார் பிறருக்கு விற்றனர். 1888இல் துவக்குத் தொழிலும் கைமாறியது. அதன்பின் 'மைந்தர்' என்னும் சொல் பெயரிலிருந்து நீங்கிற்று. ஆக, பழைய பெயர் பொறித்த துவக்கு ஏறத்தாழ அவ்வாண்டுக்கு முற்பட்டதெனக் கொள்ளலாம். ஆக்கவுரிமைத் திகதி கீழெல்லை, பெயர் மேலெல்லை. இவ்விரண்டுக்கும் இடையே தொடரிலக்கத்தை வைத்து நோக்குதல் வேண்டும்.

இங்கிலாந்தின் படைத் துவக்குக்களோ வேறொரு வகையில் ஏமாற்றுவன. 1853ஆம் ஆண்டு என்பீல்ட் துவக்கு, வாய்வழியே மருந்தும் குண்டும் இடப்படுவது. 1857இல் வங்காளச் சிப்பாய்களின் கிளர்ச்சிக்கு ஒரு காரணமாய் அமைந்த கொழுப்புத் தடவிய தோட்டா இதற்குரியதே. இதன் விசைத்தகட்டில் முடியும், விக்டோரியா இராணியின் வீ. ஆர். என்னும் எழுத்துக்களும், ஓர் ஆண்டும் காணப்படும். பின்புறமாகத் தோட்டா இடும் துவக்குக்கள் தோன்றவே, அரசாங்கம் தன்னிடமிருந்த பழைய துவக்குக்களை எறிந்துவிடவில்லை. 1866 முதலாக அவற்றின் குழலிற் பின்பகுதியை வெட்டி நீக்கி, ஜேக்கப் ஸ்னைடர் என்னும் அமெரிக்கர் அமைத்த திறந்து மூடும் கதவைப் பொருத்தினர். (அவரோ தமக்குரிய பொருளைப் பெறாது அவ்வாண்டிலேயே வறுமையில் இறந்தார்.) விசைத்தகடு மாற்றப்படவில்லை. எனவே 1862 எனப் பொறித்த ஸ்னைடர் துவக்கு ஒன்று கிடைக்குமாயின், அதனை 1862ஆம் ஆண்டினதென்று கூறுவோர் பிழைபடுவர். போலியென்று தள்ளுவோரும் பிழைபடுவர். அதற்கு இரண்டு வயது உண்டு. 1871இல் ஏற்கப்பட்ட மாட்டினி-ஹென்றித் துவக்குக்கும் இவ்விதி நேர்ந்தது. பிற்காலத்திற் பல, சிறிய.303 தோட்டாவுக்கு ஏற்பக் குழல் மாற்றப்பட்டன.

அரச எழுத்துக்கள் ஓரளவே உதவுவன. வீ. ஆர். எனின் 1901க்கு முன், ஈ. ஆர். எனின் 1901 முதல் 1910 வரை. ஜீ. ஆர். என்பதோ ஐந்தாம் ஜோர்ஜையும் ஆறாம் ஜோர்ஜையும் ஒருங்கே குறித்தலால் அதிகம் பயன்படாது.

பெயர் காட்டும் எல்லையும் சிலபோது விந்தையானது. இரண்டாம் உலகப் போரில் அண்டர்வூட் கொம்பனி குறுந்துவக்குக்களையும், ஸ்மித்-கொரோனா கொம்பனி ஸ்பிறிங்ஃபீல்ட் துவக்குக்களையும், றெமிங்ரன் றாண்ட் கொம்பனி கைத்துப்பாக்கிகளையும் தத்தம் பெயர் பொறித்து அமெரிக்கப் படைக்கு அளித்தன. துவக்கிலே தட்டெழுத்துப் பொறியின் பெயரைக் கண்டு வியப்போர் இதனை அறிதல் வேண்டும். இன்னொன்று: யேர்மனியின் ட்றெஸ்டன் நகரத்துச் சைடல்-நௌமன் தொழிற்சாலையின் எறிக்கா என்னும் சிறு பொறியே பிறநாடுகளிற் பிஜு என்னும் பெயருடன் விற்கப்பட்டது. சுண்டுக்குழியிற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா அமைத்த தமிழ் விசைப்பலகையைத் தாங்கி வந்த பொறிகளுள் பிஜுவும் ஒன்று. பெயர் வேறாயினும் பொறி ஒன்றே என்பதை மறந்தோர், ஒரே பொறியை இரண்டாக எண்ணி மயங்குவர்.

தொடரிலக்கத்தை முற்றாக நம்பலாமோ எனின், அமெரிக்காவில் ஒரு வழக்கு முழுதும் அதனைச் சூழ்ந்து நின்றது. இராசாங்கத் திணைக்களத்தில் உயர்பதவி வகித்த அல்ஜர் ஹிஸ் என்பார், 1938ஆம் ஆண்டின் மறைபொருட் பத்திரங்களைத் தம் வீட்டுப் பொறியிற் படியெடுப்பித்துப் பிறர்க்கு அளித்தாரென 1948இற் குற்றஞ்சாட்டப்பட்டது. அவருடைய வழக்கறிஞர்களே தேடிக் கண்டெடுத்த வுட்ஸ்டொக் பொறி ஒன்று நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது. அதன் இலக்கம் 230099. 1950 ஜனவரியில் ஹிஸ் பொய்ச்சத்தியக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். பின்னரே அவருடைய பக்கத்தார் இலக்கத்தை ஆராய்ந்தனர். அவ்விலக்கப் பொறி 1929 அளவில் ஆக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்றும், ஹிஸ் மனைவியின் தந்தையார்க்குப் பொறி விற்றவரோ 1927 இறுதியிலேயே கொம்பனியை விட்டு நீங்கியவர் என்றும், ஆகவே நீதிமன்றிற் கண்ட பொறி வேறொன்றென்றும் வாதித்தனர். மறுவிசாரணை வேண்டிய அவ்விண்ணப்பம் 1952இல் தள்ளப்பட்டது.

இவ்வாதத்தில் ஒரு நுட்பமுண்டு. அரசாங்க நிபுணர் பத்திரங்களை ஒப்பிட்டது பொறியோடன்று. ஹிஸ் குடும்பத்தார் முன்னர் தட்டெழுதிய கடிதங்களோடு. தேய்ந்த எழுத்தும் சாய்ந்த எழுத்துமே அங்கே சான்று. பொறியின் வயது வேறாயினும் அவ்வொப்பீடு அதனால் மட்டும் வீழ்வதன்று என்பது என் கருத்து. ஆயினும் பொறி வேறாயின் அதனை அங்கு வைத்தவர் யார் என்னும் வினா எஞ்சும். ஹிஸ் 44 மாதங்கள் சிறையிலிருந்தார். 1996இல் இறக்கும்வரை தாம் குற்றமற்றவரென்றே கூறினார். 230099ஆம் இலக்கப் பொறி எவ்வாண்டினது என்பதில் ஆராய்வோர் இன்றும் ஒருமிக்கவில்லை.